துபாய்க்கு பெட்டி கட்டுறீங்களா?

மேலூர்ல இருந்து துபாய் வந்து 11 வருஷம் ஆச்சு, புதுசா வர்ற நம்மூரு பயலுகள கெளம்புறதுக்கு முன்னாடியே வீடியோ கால்ல பெட்டிய பிரிச்சுக் காட்டச் சொல்லிருவேன், நான் தேடுறது கசகசாவத்தான்! இங்க அதுக்கு தடை, அம்மா பாசமா அரைச்சுக் குடுத்த குருமா மசாலால கலந்திருந்தாலும் வம்புதான், அத மதுரையிலயே எடுத்து வச்சுட்டு வாங்க. கோடீன்ங்குற போதை தர்ற மருந்துச் சரக்கு இருக்குற இருமல் மருந்துக்கும் முன்கூட்டியே ஆன்லைன்ல அனுமதி வாங்கணும், டாக்டர் சீட்டு மட்டும் பத்தாது. இங்க பிளக்குல மூணு பட்டை முள்ளு, அடாப்டர் ஒண்ணு போதும்.

அப்புறம் முக்கியமா, பாஸ்போர்ட்ட முதலாளி வாங்கி வச்சுக்க சட்டத்துல இடமில்ல, கேட்டா குடுத்துறாதீங்கப்பா (நான் குடுத்துட்டு ரெண்டு வருஷம் முழிச்சேன்). பிரச்சனைன்னா இந்தியத் தூதரக உதவி நம்பர் 800 46342, காசு கெடையாது.