ஓவியக் கை ஆயுள் முழுதும் வளர: ஒரே பொருளிடம் திரும்பிச் செல்லும் முறை

ஓவியம் பழகத் தொடங்கிய சில ஆண்டுகளில் கை ஓரளவு படிந்துவிடுகிறது; அதன்பின் எதை வரைவது என்ற தவிப்பு தலைதூக்குகிறது. அப்போது பலரும் புதிய ஊர், புதிய முகம், புதிய பாணி என்று தேடி அலைகிறார்கள். நான் பரிந்துரைப்பது இதற்கு நேரெதிரான வழி: ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, பல ஆண்டுகள் அதனிடமே திரும்பத் திரும்பச் செல்லுங்கள். மரம், நீர்நிலை, கண்ணாடியில் தெரியும் உங்கள் முகம் என எதுவாகவும் இருக்கலாம். ஒளியோடும் காலத்தோடும் மாறுவதாகவும், நினைத்த நேரத்தில் எதிரே அமர்ந்து பார்க்கக் கூடியதாகவும் இருந்தால் போதும்.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் வரைந்த அலைகளை இதற்குப் பாடமாகக் கொள்ளலாம். 1797இல் வெளியான எனோஷிமா கடற்கரைக் காட்சியில் கரையோரச் சிற்றலைகளும் தொலைவில் ஃபூஜி மலையும் இருக்கின்றன. 1803 வாக்கில் செய்த ஒரு மரச்செதுக்கு அச்சில் அலை மரக்கலத்தை மிஞ்சி எழுகிறது. ஆனால் களிமண்ணைக் குவித்து வைத்ததுபோல் கனத்து நிற்கிறது. 1831ஐ ஒட்டி, எழுபது வயதை எட்டியபின் அவர் வரைந்த, உலகமே அறிந்த பேரலையிலோ நுரை கூரிய நகங்களாகப் பிரிந்து படகுகளின்மேல் கவிகிறது. ஃபூஜி மலை அலையின் பள்ளத்துக்குள் சிறு முக்கோணமாக ஒடுங்கிவிடுகிறது. இம்மூன்றையும் அருகருகே வைத்து, அலையின் விளிம்புக்கோட்டை மட்டும் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். அலையின் உருவத்தைப் பிடிப்பதிலிருந்து அது விழப்போகும் கணத்தைப் பிடிப்பதற்கு அவர் நகர்ந்திருப்பதை உங்கள் கையே உணரும்.

இத்தகைய நகர்வு உங்களிடம் நிகழ்கிறதா என்பதை அறிய, பழைய தாள்கள் வேண்டும். ஆகவே எதையும் கிழித்தெறியாதீர்கள். ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் தேதி, நேரம், ஒளி வந்த திசை ஆகியவற்றோடு, அன்று பிடிபடாத ஒன்றையும் குறித்து வையுங்கள். “சரியாக வரவில்லை” என்று எழுதுவதால் பயனில்லை. “கிளை பிரியும் இடத்தில் நிழல் நீலம் பாய்ந்ததா, பழுப்பு பாய்ந்ததா என்று தெரியவில்லை” என்று எழுதினால், அடுத்த முறை அமர்வதற்கான காரணம் அந்த வரியிலேயே கிடைத்துவிடும். அகத்தூண்டுதல் என்று நாம் பெரிதாகப் பேசுவது பெரும்பாலும் இப்படி விடை கிடைக்காமல் நிற்கும் ஒரு கேள்விதான் என்பது என் உறுதியான எண்ணம். ஆண்டுக்கொரு முறை எல்லாத் தாள்களையும் தேதி வரிசையில் தரையில் பரப்பிப் பாருங்கள்.

முன்னோரின் படைப்புகளைப் பார்த்து வரைவதும் அவசியம். ஆனால் அச்சு அசலாக நகலெடுப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். 1889–90இல் தென் பிரான்சின் சான்-ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, டச்சு ஓவியர் வான் கோ, தமக்கு முந்தைய தலைமுறைப் பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் உழவர் ஓவியங்களைக் கறுப்பு வெள்ளை அச்சுகளிலிருந்து வரைந்தார். அமைப்பு மில்லேயுடையது, அச்சில் இல்லாத வண்ணத்தை வான் கோவே கண்டடைய வேண்டியிருந்தது. நீங்களும் விரும்பும் ஓவியத்தின் வண்ணமற்ற படத்தை எடுத்துக்கொண்டு, மூல ஓவியத்தைப் பாராமல் வண்ணம் தீட்டுங்கள், முடித்தபின் ஒப்பிடுங்கள். வேறுபடும் இடங்கள் உங்களுக்கே உரிய வண்ண உணர்வைக் காட்டிக்கொடுக்கும்.

உடல் ஒத்துழைக்காத காலமும் வரும். அப்போது கருவியை மாற்றத் தயங்க வேண்டாம். 1941இல் பெரிய அறுவை சிகிச்சைக்கு உள்ளான பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், பிற்காலத்தில் உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த தாள்களைக் கத்தரியால் வெட்டி, சுவரில் பொருத்தி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்தே படைத்தார். கை நடுங்கினால் அகலத் தூரிகைக்கும் பெரிய தாளுக்கும் மாறுங்கள். நெடுநேரம் நிற்க முடியாவிட்டால் மேசையில் செய்யக்கூடிய அளவுக்குப் படத்தைச் சுருக்குங்கள்.

கண்ணுக்கு மட்டும் முன்கூட்டியே ஓர் ஏற்பாடு தேவை. கண்புரையால் வண்ணங்கள் மங்கிய ஆண்டுகளில் பிரெஞ்சு ஓவியர் மோனே, வண்ணக் குழாய்களில் ஒட்டிய பெயர்களையும் தட்டில் வண்ணங்களை வைக்கும் பழகிய வரிசையையும் நம்பியே வரைந்தார். 1923இல்தான் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பார்வை நன்றாக இருக்கும்போதே உங்கள் வண்ணத்தட்டுக்கு ஒரு வரிசையை நிலைப்படுத்துங்கள்: ஓரத்தில் வெள்ளை, அடுத்து மஞ்சள்கள், சிவப்புகள், மண்வண்ணங்கள், பச்சைகள், நீலங்கள். எந்த ஓவியத்துக்காகவும் அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.