ரூட்டரில் பிட் இறங்கவில்லையா? சுத்தியலை எடுக்கும் முன்

மரத்தில் ஓரமும் பள்ளமும் செதுக்கும் ரூட்டரிலோ அதன் சிறிய வகையான டிரிம்மரிலோ பிட் (வெட்டும் அலகு) உள்ளே இறங்க மறுத்தால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. பிட்டும், அதைக் கவ்விப் பிடிக்கிற நீளவாக்கில் வெட்டு விட்ட குழாய் போன்ற காலெட்டும் வேறு வேறு அளவாக இருக்கும், இல்லையென்றால் காலெட் இன்னும் விரியாமல் இருக்கும். பிசின், துரு, பிசிறு, அடிபட்ட வாய் எல்லாம் அதற்கு அடுத்துதான். எதுவானாலும் தட்டி இறக்குவது மட்டும் வேண்டாம். டிரிம்மரில் காலெட் உட்காரும் தண்டு வேறு, மோட்டார் தண்டு வேறு இல்லை. மோட்டாருக்குள் சுழலும் பாகமான ஆர்மேச்சரின் முனைதான் அது. ஓங்கி ஒரு அடி விழுந்தால் பேரிங்கும் தண்டும் சேர்ந்து போகும். சில நூறு ரூபாய் காலெட்டைக் காப்பாற்றப் போய் ஆர்மேச்சரை மாற்ற வேண்டி வரும்.

முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. சுவிட்சை அணைத்தால் போதாது. கரண்ட் போன நேரத்தில் பிட் மாற்றுகிற வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. சுவிட்ச் ஆன் நிலையில் மறந்து கிடந்து, கரண்ட் திரும்பி வந்தால் விரல் மிஞ்சாது. இப்போதுதான் ஓடி நின்ற பிட் என்றால் ஆறவும் விடுங்கள்.

அளவு: 6-ஆ, 6.35-ஆ?

சிறிய டிரிம்மர்களில் இரண்டு அளவுக் காலெட் வரும். ஒன்று 6 மி.மீ., மற்றொன்று கால் இஞ்சு, அதாவது 6.35 மி.மீ. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 6.35 பிட் 6 காலெட்டில் ஒருபோதும் இறங்காது. பெரிய ரூட்டரிலும் இதே சிக்கல்தான்: 12 மி.மீ. காலெட்டும் அரை இஞ்சுக் காலெட்டும், அதாவது 12.7 மி.மீ., பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். இடையில் 8 மி.மீ. ஷாங்க் (காலெட்டுக்குள் போகும் பிட்டின் காம்பு) உள்ள பிட்களும் வருகின்றன. மரப்பெட்டியில் 12, 15 என்று செட்டாக விற்கும் பிட்களில் பல, கால் இஞ்சு ஷாங்க் கொண்டவை. கடையில் வெறுமனே 'டிரிம்மர் பிட்' என்று கேட்டால் கைக்கு எட்டியதுதான் கிடைக்கும்.

வெர்னியர் (நுட்பமாக அளக்கும் தாடை உள்ள அளவுகோல்) இருந்தால் ஷாங்கை மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் அளங்கள். பிட்டைக் கால் சுற்றுத் திருப்பி இன்னொரு முறை அளங்கள். காலெட்டின் ஓட்டையை வெர்னியரால் நம்பி அளக்க முடியாது, வெட்டுகள் இருப்பதால் தாடை சரியாக உட்காராது. அதற்கு எளிய வழி 6 மி.மீ. இரும்பு டிரில் பிட்டின் வழுவழுப்பான பின்பக்கம். அது காலெட்டுக்குள் ஆட்டமில்லாமல் இறங்கி, உங்கள் ரூட்டர் பிட் இறங்கவில்லை என்றால் காலெட் 6, பிட் 6.35. பழுது ஒன்றுமில்லை, சரியான காலெட்டை வாங்கினால் தீர்ந்தது.

இதைவிட ஆபத்தானது தலைகீழ்ப் பொருத்தம். 6 மி.மீ. பிட் 6.35 காலெட்டில் சுலபமாக இறங்கும், நட்டை முறுக்கினால் பிடித்த மாதிரியும் தோன்றும். ஆனால் ரூட்டர் காலெட் ஒரே ஒரு அளவுக்கென்று செய்தது. 0.35 மி.மீ. அதிகமாகச் சுருங்கும்போது வாய் ஓரம் மட்டும் ஷாங்கைக் கவ்வும், உள்பக்கம் சும்மா நிற்கும். ஓட ஓட பிட் கீழே நழுவி வெட்டு ஆழமாகிக்கொண்டே போகும், கடைசியில் கழன்றும் வரலாம். 20 மி.மீ. விட்டமுள்ள பிட் நிமிடத்துக்கு 30,000 சுற்றில் ஓடும்போது அதன் வெட்டுமுனையின் வேகம் மணிக்கு சுமார் 113 கி.மீ. சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி இடைவெளியை அடைப்பது, 6.35 ஷாங்கைக் கிரைண்டரில் தேய்ப்பது, காலெட்டை டிரில் போட்டு அகட்டுவது எல்லாம் இந்த வேகத்தோடு விளையாடுகிற சோலி. பெரிய காலெட்டில் சின்ன பிட் போட்டே ஆக வேண்டுமென்றால் அதற்கென்று விற்கும் வெட்டுள்ள குறைப்பு ஸ்லீவ் போடலாம். 

அளவு சரி, ஆனாலும் வாயிலேயே நிற்கிறது

பிட் இல்லாமல் நட்டை யாரோ இறுக்கி வைத்திருப்பார்கள். காலெட்டின் விரல்கள் (வெட்டுகளுக்கு இடையே உள்ள பட்டைகள்) ஒன்றையொன்று நெருங்கி, தண்டின் வாயிலுள்ள கூம்புக் குழிக்குள் இறுகிப் போயிருக்கும். நட்டை லூசாக்கினாலும் காலெட் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

இங்கே மெஷின் எந்த வகை என்பது முக்கியம். சிலவற்றில் காலெட் நட்டோடு கோர்த்து வரும். ஸ்பேனர் போட்டு ஒருமுறை இளக்கியதும் நட்டு கையால் சுற்ற வரும், கொஞ்சம் சுற்றியபின் மறுபடி இறுகும். பலர் அந்த இடத்தில் 'கழன்றுவிட்டது' என்று நிறுத்திவிட்டு பிட்டோடு மல்லுக்கட்டுகிறார்கள். அந்த இரண்டாவது இறுக்கம்தான் காலெட்டைக் கூம்பிலிருந்து வெளியே இழுக்கிற கட்டம். ஸ்பேனரை மறுபடி போட்டு மேலும் திருப்பினால் 'டக்' என்று விடும், காலெட் விரியும், பிட் இறங்கும்.

காலெட்டும் நட்டும் தனித்தனியாக உள்ள மெஷினில் நட்டு முழுவதுமாகக் கையோடு வந்துவிடும், காலெட் மட்டும் தண்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். அதன் வெளி ஓரத்தை மரக்கட்டையால் பக்கவாட்டில் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டுங்கள். சரியான அளவு ஷாங்க் நுனியளவாவது நுழைந்தால் அதைப் பிடித்து லேசாக ஆட்டினாலும் விடும். இறுகிப் போயிருந்தால் துரு இளக்கும் ஸ்பிரே இரண்டு சொட்டு விட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். பிறகு அந்த எண்ணெயை முழுவதும் துடைத்தாக வேண்டும்.

வெளியே வந்த காலெட்டைத் தனியாக வைத்து பிட்டை நுழைத்துப் பாருங்கள். இறங்கினால் காலெட் நல்லது, சிக்கல் தண்டின் கூம்பில். அப்போதும் இறங்கவில்லை என்றால் விரல்கள் நிரந்தரமாக மடங்கிவிட்டன. ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பி விரிக்காதீர்கள். ஸ்பிரிங் எஃகு ஒருமுறை வளைந்தபின் வட்டம் திரும்பாது, பிட் ஆட்டத்தோடு சுற்றும். மாற்றுவதுதான் வழி.

கதவு செதுக்கும், கம்ப்யூட்டர் இயக்கும் சிஎன்சி மெஷினில் இருப்பது ஈஆர் வகைக் காலெட். அதை முதலில் நட்டுக்குள் சாய்த்து அழுத்தி 'கிளிக்' என்று மாட்ட வேண்டும். தண்டில் காலெட்டை வைத்து மேலே நட்டைப் போட்டால் கோணலாக இறுகும். ஈஆர் 11 காலெட் தன் அளவிலிருந்து 0.5 மி.மீ. வரை குறைவாகவும் பிடிக்கும், அதிகமாகப் பிடிக்காது. 6 என்று எழுதிய காலெட் 5.5 முதல் 6 வரைதான்.

பாதி இறங்கி நிற்கிறது

பனை ஈர்க்கு ஒன்றை ஓட்டைக்குள் விட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று நகத்தால் குறியுங்கள். அந்த ஆழமும் பிட் இறங்கிய ஆழமும் ஒன்றென்றால் பிட் அடியைத் தொட்டுவிட்டது. சில டிரிம்மர்களில் அந்த அளவுதான் இடம். இல்லையேல் அடியில் தூள் அடைந்து கட்டியாகியிருக்கும். ஈர்க்கு ஆழம் போய் பிட் மட்டும் நடுவில் நின்றால் காலெட்டுக்குள் பிசினோ, ஷாங்கில் பிசிறோ இருக்கிறது.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. பிளைவுட், எம்டிஎஃப் (மரநார்ப் பலகை) தூளில் பசை உண்டு. இரண்டும் சூட்டில் உருகி, ஆறியதும் காலெட்டின் உள்சுவரில் பழுப்பு வார்னிஷ் மாதிரி படியும். காலெட்டைக் கழற்றித் தின்னரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள், பீடி, தீப்பெட்டி பக்கத்தில் வேண்டாம். பித்தளை பிரஷ்ஷோ பழைய டூத்பிரஷ்ஷோ போட்டுத் தேயுங்கள். வெட்டுகளுக்குள் இறுகிய தூளை விசிட்டிங் கார்டின் ஓரத்தால் தள்ளி எடுங்கள். இந்த வெட்டுகள் அடைந்திருந்தால் காலெட் சுருங்கவும் முடியாது, விரியவும் முடியாது. தண்டின் கூம்பை உலர்ந்த துணி சுற்றிய குச்சியால் துடையுங்கள். காலெட்டுக்குள்ளும் கூம்பிலும் உப்புத்தாள் படவே கூடாது, எண்ணெயோ கிரீஸோ தடவவும் கூடாது. பிடிப்பே உராய்வில்தான் இருக்கிறது.

பிட்டின் பக்கம் வந்தால், புதுசுக்கு மெழுகோ பெயிண்டோ பூச்சு இருக்கலாம், தின்னர் துணியால் போய்விடும். பழசில் முன்பு நழுவிச் சுற்றிய வளையத் தழும்பு இருக்கும். நகத்தில் தட்டுப்படும் மேடு அதுதான். 600 நம்பர் வாட்டர் பேப்பரால் அந்த மேட்டை மட்டும் எடுங்கள். குற்றாலச் சாரல் அடிக்கும் ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கமும், உப்புக்காற்று வீசும் திருச்செந்தூர், உவரிப் பக்கமும் ஷாங்கில் மெல்லிய துரு படிய நாளாகாது. அதையும் இதே தாளால் லேசாக எடுக்கலாம். தேய்த்தபின் வெர்னியரில் 0.05 மி.மீ. குறைந்திருந்தாலும் அந்த பிட்டைக் கழித்துவிடுங்கள். குழி விழுந்த ஷாங்கும் அப்படியே.

இறங்கியபின்

பிட் விரல் அழுத்தத்தில் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அடிவரை விட்டு, 2 முதல் 3 மி.மீ. மேலே இழுத்து இறுக்குங்கள். அடியைத் தொட்டபடி இறுக்கினால், காலெட் உள்ளே இழுபடும்போது பிட் கூடவே போக முடியாது, பிடி சரியாக விழாது. ஷாங்க் தலையோடு சேரும் வளைவுப் பகுதி காலெட்டுக்குள் போகக் கூடாது. குறைந்தது முக்கால் பங்கு காலெட் நீளமாவது ஷாங்க் உள்ளே இருக்கட்டும்.

காலெட்டின் வாயை ஒட்டி ஷாங்கில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, கழிவுக் கட்டையில் இரண்டு மூன்று அடி நீளம் ஓட்டிப் பாருங்கள். கோடு வாயிலிருந்து விலகினாலோ உள்ளே மறைந்தாலோ பிடி போதவில்லை. அளவும் சுத்தமும் சரியாக இருந்தும் இப்படி நடந்தால் காலெட்டின் ஆயுள் முடிந்தது. வாய் மணிபோல அகன்றிருப்பது, விரல்களின் அடியில் மயிரிழை விரிசல், உள்சுவரில் கருத்த வளையம் ஆகியவை அதன் அடையாளங்கள். புதுக் காலெட்டும் சரியாக உட்காரவில்லை என்றால் தண்டின் வாயில் அடிபட்டிருக்கிறது, அது சர்வீஸ் சென்டர் வேலை.

வாங்கப் போகும்போது பழைய காலெட்டையும், மெஷினில் ஒட்டியுள்ள மாடல் நம்பர் தகட்டின் போட்டோவையும் கொண்டுபோங்கள். ஒரே கம்பெனியானாலும் மாடலுக்கு மாடல் காலெட்டின் கூம்பு மாறும். அடிக்கடி போடுகிற பிட் ஒன்றையும் எடுத்துப் போய்க் கடையிலேயே நுழைத்துப் பார்த்து வாங்குங்கள். 6-ம் 6.35-ம் இரண்டும் வைத்திருப்பவர்கள் ஒன்றின் நட்டில் சிவப்பு நகச்சாயம் பூசிவைத்தால் குழப்பம் வராது.