டிராக்டரை ஏற்றினால் மட்டும் போதாது

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு டிரெய்லரில் டிராக்டர் ஏற்றிப் போகிறீர்களா? புளியரை எஸ் வளைவில் 2 டன் எடை பக்கவாட்டில் தள்ளும்போது நைலான் கயிறு தாங்காது. சங்கிலிதான் சரி. முன்னே இரண்டு, பின்னே இரண்டு. முன்சங்கிலிகள் முன்னோக்கியும் பின்சங்கிலிகள் பின்னோக்கியும் இழுக்க வேண்டும். ஆக்சிலிலோ சேஸிஸிலோ மாட்டுங்கள். கைக்கு எட்டுகிறதே என்று ஸ்டீயரிங் ராடில் மாட்டிவிடாதீர்கள். அப்படி மாட்டி, வளைந்த ராடோடு வீடு திரும்பியவன் நான்.

ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் நிறுத்துங்கள். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் பின்னால் மாட்டியிருந்தால் டிரெய்லர் பலகையில் படும்படி இறக்கி, அதற்குத் தனிச் சங்கிலி. அப்புறம், மலை ஏறுமுன் புளியரையில் டீக்கு இறங்கும்போது ஒவ்வொரு சங்கிலியையும் கையால் ஆட்டிப் பாருங்கள். குலுக்கலில் டயர் அமுங்கி, ஒன்றாவது தொளதொளவென்றுதான் இருக்கும்.