கரவனுக்கு சோலர் பூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் பழைய ரெயிலர்களைக் கரவனாக மாற்றி, கூரையில் சோலர் பூட்டும் பொடியங்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இந்த வேலையில் நாங்கள் எல்லாரும் தொடக்கத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். லைற் எரியவில்லை, பம் ஓடவில்லை மாதிரியான பிழைகளை இங்கே எழுதவில்லை. அவை அன்றைக்கே தெரிந்துவிடும். மாதக்கணக்கில் மறைந்திருந்து காசைத் தின்கிற பிழைகள்தான் எனக்குக் கவலை.

கொன்ரோலரில் இருந்து பற்றரிக்கு மெல்லிய வயர்

இதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

போன வருடம் ஒரு தம்பி தன் கரவனைக் கொண்டுவந்தார். கூரையில் 150 வாற் பனல் இரண்டு. பற்றரி முன்பக்கம், வண்டியில் கொளுவும் இடத்துக்குப் பக்கத்தில். பனலின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்திப் பற்றரிக்கு ஏற்றும் கொன்ரோலரோ பின்பக்கம், கட்டிலுக்கு மேலே. "படுத்திருந்தபடியே எத்தனை வோல்ற் என்று பார்க்கலாம் அண்ணை" என்றார். இரண்டுக்கும் இடையில் ஐந்து மீற்றர் தூரம். இழுத்திருந்தது வீட்டுப் பிளக்குக்குப் போடும் 7/0.67 வயர், அதாவது 2.5 சதுர மில்லிமீற்றர்.

அவர் வந்தது மூன்றாவது பற்றரி வாங்குவதற்கு முன் ஒரு யோசனை கேட்க. முதல் இரண்டும் ஒரு வருடம்கூட நிற்கவில்லையாம். "கடைக்காரன் பழைய பற்றரியைத் தந்து ஏமாத்திப்போட்டான்" என்று அவருக்குக் கோபம்.

நல்ல வெயில் நேரம். மல்ரிமீற்றரை எடுத்துக் கொன்ரோலரின் பற்றரி முனைகளில் வைத்தோம்: 14.4 வோல்ற். பற்றரியின் கட்டைகளில் வைத்தோம்: 13.1. கடைக்காரர்மேல் ஒரு பிழையும் இல்லை.

கணக்கு எளிதானது. ஒரு மீற்றர் நீளமும் ஒரு சதுர மில்லிமீற்றர் பருமனும் உள்ள செப்புக் கம்பிக்கு ஏறத்தாழ 0.0175 ஓம் தடை. போகவும் வரவும் சேர்த்து 10 மீற்றர், அதை 2.5 ஆல் பிரித்தால் 0.07 ஓம். 18 அம்பியர் ஓடும்போது 1.26 வோல்ற் வயரிலேயே போய்விடுகிறது. வீட்டின் 230 வோல்ற்றில் 1.26 போனால் ஒருவருக்கும் தெரியாது. 12 வோல்ற்றில் அது பத்தில் ஒரு பங்குக்கும் மேல்.

வீட்டு வேலை பழகிய கைகள் இங்கேதான் ஏமாறுகின்றன. "வயர் சுடவே இல்லையே அண்ணை" என்பார்கள். உண்மைதான், அந்த வயர் 18 அம்பியரைத் தாங்கும். சுடாமல் இருப்பது வீட்டுக்குப் போதும். இங்கே வோல்ற் எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி.

அந்தப் பற்றரிக்கு நடந்தது இதுதான். கொன்ரோலர் தன் முனையில் 14.4 ஐக் கண்டதும் பற்றரி நிறையப்போகிறது என்று எண்ணி மின்னோட்டத்தைக் குறைக்கத் தொடங்குகிறது. ஓட்டம் குறையக் குறைய வயர் இழப்பும் குறைந்து, கடைசியில் பற்றரிக்கும் 14.4 கிடைக்கும் என்று சிலர் வாதிடுவார்கள். கிடைக்கும்தான், ஆனால் அதற்குள் பின்னேரமாகி வெயில் இறங்கிவிடும். இரவு திரும்பவும் பிரிட்ஜ் ஓடும், ஃபான் ஓடும். ஈய அமிலப் பற்றரி ஒருநாளும் முழுதாக நிரம்பாமலே இருந்தால் அதன் தகடுகளில் சல்பேற் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கொள்ளளவு திரும்பாது. லிதியம் பற்றரிக்கு இந்தச் சல்பேற் வியாதி இல்லை. ஆனால் வெயில் தந்த மின்சாரம் வயரில் வீணாவது அதற்கும் பொது.

சரி, என்ன செய்வது? கொன்ரோலரைப் பற்றரிக்கு ஒரு மீற்றருக்குள் கொண்டுபோங்கள். 10 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் அதே 18 அம்பியருக்கு இழப்பு 0.06 வோல்ற்தான். நீளமாக ஓடவேண்டிய வயர் பனலுக்கும் கொன்ரோலருக்கும் இடையில் ஓடட்டும். எம்பிபிடி (பனலின் உயர்ந்த வோல்ற்றைப் பற்றரிக்கு ஏற்றபடி இறக்கித் தரும் வகை) கொன்ரோலர் என்றால் அந்தப் பக்கத்து வோல்ற் உயரமாக இருப்பதால் இழப்பைத் தாங்கும். படுத்தபடி பார்க்க ஆசையென்றால் ஒரு சின்ன வோல்ற் மீற்றரைப் பற்றரிக் கட்டையில் இருந்து தனி மெல்லிய வயரில் எடுத்துக் கட்டிலடியில் பூட்டலாம். அதில் ஓட்டம் மிகச் சொற்பம் என்பதால் காட்டுவதும் உண்மையான கணக்காக இருக்கும்.

பற்றரி மாற்ற நினைக்கிற எவரும் முதலில் இந்த இரண்டு இடத்து அளவை எடுங்கள். காலை பத்து மணி போல, பற்றரி நிரம்பாத நேரத்தில். வித்தியாசம் 0.2 வோல்ற்றுக்கு மேல் என்றால் வயரையும், அதன் முனையில் நசுக்கிப் பூட்டும் லக்குகளையும், பியூஸ் கூட்டையும் பாருங்கள். லக்கைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கியிருந்தால் அதுவே வோல்ற்றைத் தின்னும். அதற்குரிய நசுக்கும் கருவியைக் கடன் வாங்கியாவது பாவியுங்கள்.

சவுக்கு நிழலை நம்புவது

கசூரினா, மணற்காடு கடற்கரைகளில் எல்லாரும் கரவனைச் சவுக்குக்குக் கீழே விடுகிறார்கள். நிழல் ஐதாகத்தானே விழுகிறது என்று நினைப்பு. 12 வோல்ற் பனலில் 36 செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருக்கும். மண் சரிந்த இடத்தில் வாய்க்கால் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவு தண்ணீர்தான் தோட்டத்துக்குப் போகும். நிழல் விழுந்த செல்லும் அப்படித்தான். பனைமரத்தின் ஒற்றை நிழல் குறுக்கே விழுந்தாலே பாதி போய்விடலாம். அடிக்கடி மரத்தடியில் விடுகிறவர்கள் பனல்களைச் சமாந்தரமாகப் பூட்டுவது நல்லது. ஒன்று நிழலில் கிடந்தாலும் மற்றது வேலை செய்யும்.

வீட்டு பிரேக்கரைப் போடுவது

வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடும். பிரேக்கர் விழும்போது எழும் பொறி அங்கே அணைந்துவிடும். சோலரில் வரும் நேர்மின்னோட்டம் பூச்சியத்தைத் தொடுவதில்லை, பொறி தொடர்ந்து எரியலாம். நேர்மின்னோட்டத்துக்கு என்று எழுதியிருக்கும் பிரேக்கரையே வாங்குங்கள்.

பியூஸ்

பற்றரியின் பிளஸ் கட்டையில் இருந்து ஒரு சாணுக்குள்.

பூட்டும் ஒழுங்கு

கொன்ரோலருக்கு முதலில் பற்றரி, பிறகு பனல். கழற்றும்போது முதலில் பனல்.

பனலைக் கூரையோடு ஒட்டிவிடுவது

சூடு ஏற ஏற பனலின் வலு குறையும். 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை. எங்கள் ஊர் வெயிலில் தகரக் கூரையோடு ஒட்டிய பனல் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். கீழே காற்றுப் போக இடைவெளி விடுங்கள். சரித்துப் பூட்டத் தாங்கி தேடி அலைய வேண்டாம். பூமத்திய கோட்டுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற எங்களுக்குக் கிடையாகப் போட்டாலே போதும். ஆனால் கிடையான பனலில் புழுதியும் காக்கை எச்சமும் தங்கும், மழையும் அதிகம் ஐப்பசி தொடங்கித்தான். மற்ற மாதங்களில் நீங்கள்தான் துடைக்க வேண்டும்.

உப்புக்காற்று

சாட்டியிலோ மணற்காட்டிலோ அடிக்கடி நிற்கும் கரவனில், செப்பு வயரின் முனை கறுத்து அந்தக் கறுப்பு உறைக்குள்ளேயும் ஏறிப்போவதைப் பார்த்திருக்கிறேன். படகுகளுக்கு விற்கும் வெள்ளீயம் பூசிய வயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒவ்வொரு லக்குக்கும் உள்ளே பசை வைத்த சுருங்கும் குழாயைப் போட்டுச் சூடாக்கி மூடுங்கள். கூரைத் துளைக்குள் இறங்கும் வயரை வெளியே கீழ்நோக்கி ஒரு வளைவு கொடுத்து விடுங்கள், மழைத்தண்ணி வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். புரட்டாதியில், மாரி தொடங்க முன், பனலுக்கு மேல் ஒரு போர்வையை மூடி, பியூசைக் கழற்றிவிட்டு, எல்லா முனைகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.