ஆமைக் கண்ணில் ஒரு புழு: கூட்டுப் பரிணாமத்தில் நாம் தவறும் இடங்கள்

ஒரு பாம்பின் குடலில் புழு இருந்தால் போதும், "இரண்டும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தே பரிணமித்தவை" என்று சட்டென எழுதிவிடுகிறோம். சேர்ந்து இருப்பது வேறு, ஒன்றால் ஒன்று மாறுவது வேறு. பின்னதுதான் கூட்டுப் பரிணாமம். புழு இப்போது குடியிருக்கும் விலங்குக்கு, அதாவது ஓம்புயிருக்குக் கச்சிதமாகப் பொருந்தும் கொக்கியோ உறிஞ்சியோ, அது வேறொரு விலங்கில் இருந்தபோதே பெற்ற சொத்தாக இருக்கலாம். சூழலியலாளர் டேனியல் ஜான்ஸென் 1980-லேயே இப்படிப்பட்ட அவசர முடிவுகளைக் கண்டித்து எழுதினார்.

அடுத்த தவறு வம்சாவளி மரத்தில். ஓம்புயிர் இரண்டாகப் பிரிந்தால் புழுவும் கூடவே பிரியும், அதனால் இருவரின் மரமும் ஒன்றுபோல் இருக்கும் என்பது பழைய விதி. நன்னீர் ஆமைகளில் வாழும் பாலிஸ்டோம் தட்டைப்புழுக்களைப் பாருங்கள். ஆறு உறிஞ்சிகளால் பற்றிக்கொள்ளும் இவற்றில் சில ஆமையின் வாயில் வாழ்கின்றன, சில சிறுநீர்ப்பையில், சில கண் இமைக்கு அடியில். ஒரே ஆமையின் வாய்ப் புழுவும் சிறுநீர்ப்பைப் புழுவும் அண்ணன் தம்பி என்றுதானே நினைப்போம்? மரபணுவைப் பார்த்தால் அப்படி இல்லை. இந்த ஆமையின் சிறுநீர்ப்பைப் புழுவுக்கு நெருங்கிய சொந்தம் இன்னொரு ஆமை இனத்தின் சிறுநீர்ப்பையில் இருக்கிறது. ஆக, 'யாருடைய உடல்' என்று மட்டும் கேட்டு நிறுத்தக் கூடாது, 'உடலில் எந்த இடம்' என்றும் கேட்க வேண்டும். அப்புறம், இரண்டு மரங்களும் அப்படியே பொருந்தினாலும் முடிவுக்குத் தாவ வேண்டாம். ஒரே மலைத்தொடர் இருவரையும் ஒரே சமயத்தில் பிரித்துப் போட்டிருக்கலாம்.

"பழகப் பழக ஒட்டுண்ணி சாதுவாகிவிடும்" என்பதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் தரும் வாசகம். இதற்குச் சாட்சியாக ஃபுளோரிடாவைக் காட்டுவார்கள். ஆசியாவிலிருந்து போன பர்மிய மலைப்பாம்போடு ரைலியட்டியெல்லா ஓரியன்டாலிஸ் என்ற நுரையீரல் ஒட்டுண்ணியும் போய்ச் சேர்ந்தது. அதனோடு பழகியிராத, அங்குள்ள குட்டைக் கிலுகிலுப்பைப் பாம்புகள் அது தொற்றி இறந்து கிடந்தன. சரி, ஆனால் புது இடத்தில் தொற்ற முடியாமல் அழிந்துபோன ஒட்டுண்ணிகள் நம் கண்ணில் படுவதே இல்லையே. மறுபக்கம், கடலாமைகளின் ரத்தத் தட்டைப்புழுக்கள் ஆமைகளுக்குப் புதியவை அல்ல. ஆனாலும் அவற்றின் முட்டைகள் மூளை உட்படப் பல உறுப்புகளில் சிக்கி ஆமையைக் கொல்வதுண்டு. ரத்தக்குழாயில் இட்ட முட்டை திசுவைத் துளைத்துத்தான் வெளியேற வேண்டும். பரவும் வழியே சேதத்தின் வழியாக இருக்கும்போது சாதுவாவது எப்படி?

(மேலே சொன்ன ரைலியட்டியெல்லா புழுவே இல்லை. நண்டு, இறால் இருக்கும் ஓடுடையோர் கூட்டம். மீன் பேனுக்குச் சொந்தம். உருவத்தைப் பார்த்துப் புழுக் கணக்கில் சேர்ப்பதும் அடிக்கடி நடக்கிறது.)

கடைசியாக, புழு என்றாலே நோய் என்று எழுதுவது. கிரேக்க நில ஆமையின் பெருங்குடலில் டாக்கிகோனெட்ரியா என்ற ஊசிப்புழுக்கள் பல இனங்களாக, ஆயிரக்கணக்கில் கூடி வாழும். சில குடற்சுவரை ஒட்டி, சில நடுவில், சில முன்பகுதியில், சில பின்பகுதியில் என்று இடம் பிரித்துக்கொண்டிருப்பதைக் ஒட்டுண்ணியியலாளர் கெர்ஹார்ட் ஷாட் 1963-இல் காட்டினார். இவ்வளவு கூட்டத்தைச் சுமந்துகொண்டே அந்த ஆமை புல் மேய்ந்து நலமாகத் திரியும்.