இரவு ரயிலில் கைபேசிச் சத்தத்தைச் சண்டையின்றிக் குறைக்கச் சொல்வது எப்படி?

எழும்பூரிலிருந்து தெற்கே போகும் இரவு ரயில் செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள், யாராவது ஒருவர் கைபேசியை நெஞ்சின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, பெட்டியில் பாதிப் பேருக்குக் கேட்கும்படி ரீல்ஸ் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். எதிரே இருப்பவர் உச்சுக்கொட்டுகிறார், அப்பர் பெர்த்தில் இருப்பவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்கிறார், ஆனால் சத்தத்தைக் குறைக்கும்படி யாரும் வாய்திறந்து கேட்பதில்லை. அரை மணி நேரம் அடக்கி வைத்த எரிச்சல் கடைசியில் "கொஞ்சமாவது அறிவு வேணாமா?" என்று வெடிக்கும்போது, சத்தம் போட்டவர் பாதிக்கப்பட்டவராகவும், பாதிக்கப்பட்டவர் வம்புக்காரராகவும் மாறிவிடுகிறார்கள். அந்த அரை மணி நேரத்தை எப்படிப் பயன்படுத்தியிருக்கலாம் என்பதையே இங்கே சொல்ல முயல்கிறேன்.

அதற்கு முன், அந்தக் காலத்தில் மக்கள் மரியாதை தெரிந்தவர்களாக இருந்தார்கள், இப்போதுதான் கெட்டுப்போனார்கள் என்ற பேச்சை ஒதுக்கி வைத்துவிடலாம். 'புகை பிடிக்காதீர்' என்று எழுதப்பட்ட பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து பீடி புகைத்தவர்களோடு பேருந்தில் பயணம் செய்த தலைமுறை நம்முடையது. 2002-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் பொது இடங்களில் தடையும் வந்த பிறகு, அந்தப் பழக்கம் பெருமளவு மறைந்தது. கைபேசிச் சத்தத்தின் கதை வேறு. 2016-இல் ஜியோ வந்து இணையத் தரவின் விலை சரிந்த பிறகுதான் ஓடும் ரயிலில் மணிக்கணக்கில் காணொளி பார்ப்பது எல்லாருக்கும் கட்டுபடியாயிற்று. அதே காலத்தில் பல கைபேசிகளிலிருந்து இயர்போன் செருகும் துளையும் காணாமல்போனது. பொருள் வந்து சேர்ந்த வேகத்தில் அதற்கான நடைமுறை வந்து சேரவில்லை. ஆகவே எதிரே இருப்பவர் வேண்டுமென்றே நம்மை வதைக்கிறார் என்று நினைப்பதைவிட, யாரும் அவரிடம் இதுவரை ஒழுங்காகக் கேட்டதில்லை என்று நினைத்துக்கொள்வது உண்மைக்கு நெருக்கமாகவும் இருக்கும், கேட்கும் குரலுக்கும் நல்லது.

விதி நம் பக்கம் இருக்கிறதா என்பதைத் தெரிந்து வைத்திருப்பது தைரியம் தரும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தூங்கும் நேரம் என்று ரயில்வே வரையறுத்திருக்கிறது. முன்பு இரவு 9 மணியிலிருந்து இருந்த இந்த நேரத்தை 2017-இல் ஒரு மணி நேரம் குறைத்தார்கள். 10 மணிக்கு மேல் உரத்த குரலில் கைபேசியில் பேசவோ, இயர்போன் இல்லாமல் பாட்டுக் கேட்கவோ கூடாது என்றும், இரவு விளக்கைத் தவிர மற்றவற்றை அணைத்துவிட வேண்டும் என்றும் 2022-இன் தொடக்கத்தில் ரயில்வே அறிவுறுத்தியது. ஆனால் இந்த விதியைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருங்கள். முதல் வாக்கியத்திலேயே விதியை நீட்டினால், அது வேண்டுகோளாக இல்லாமல் வழக்காகிவிடும்.

கேட்பதற்குச் சரியான நேரம் முதல் ஐந்து நிமிடம். இரண்டு மூன்று காணொளிகள் ஓடியும் நிறுத்துவதாகத் தெரியவில்லையென்றால் கேட்டுவிட வேண்டும், ஏனென்றால் அதற்குமேல் காத்திருந்தால் எரிச்சல் நம் குரலில் ஏறிவிடும். வெளியூரில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கிறார் என்றால் மட்டும் அது முடியும்வரை பொறுக்கலாம். அப்படிப்பட்ட பேச்சு தானாகவே முடிந்துவிடும், ரீல்ஸ் முடியாது. கேட்கும்போது எழுந்து அருகில் செல்லுங்கள். இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தால் பெட்டியே திரும்பிப் பார்க்கும், பத்துப் பேர் பார்க்கும்போது யாரும் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அடுத்தது எப்படி அழைப்பது என்பது, காரியத்தில் பாதி இதில்தான் இருக்கிறது. நம் ஊரில் முன்பின் தெரியாதவரை அழைக்க உறவுச்சொல் போல உதவுவது வேறொன்றுமில்லை: வயதில் மூத்த ஆணுக்கு 'ஐயா' அல்லது 'அண்ணே', திருநெல்வேலிப் பக்கத்தவர் என்று பேச்சிலேயே தெரிந்தால் 'அண்ணாச்சி', இளைஞருக்குத் 'தம்பி', பெண்களுக்கு 'அம்மா' அல்லது 'அக்கா'. நாற்பது வயதுப் பெண்ணை 'ஆன்ட்டி' என்றும், ஐம்பத்தைந்து வயதுக்காரரைப் 'பெரியவரே' என்றும் அழைத்துவிட்டு நல்ல பதிலை எதிர்பார்க்கக் கூடாது. எதுவும் பொருந்தவில்லையென்றால் 'சார்', 'மேடம்' போதும். ஒத்த வயது இளைஞர்களுக்குள் 'ப்ரோ' நன்றாகவே வேலை செய்கிறது, அதைக் கேட்டு முகம் சுளிக்கும் என்னைப் போன்றவர்கள் அதைத் தடுக்க வேண்டியதில்லை. தவிர்க்க வேண்டியவை இரண்டு: 'ஹலோ', 'மிஸ்டர்'. ஆங்கிலத்தில் அவை என்னவாக இருந்தாலும், தமிழ்ப் பேச்சில் 'ஹலோ மிஸ்டர்' என்றால் சண்டைக்குத் தயார் என்று பொருள்.

அழைத்த பிறகு வர வேண்டிய சொல் 'கொஞ்சம்'. பள்ளியில் கற்ற 'தயவுசெய்து' அறிவிப்புப் பலகைக்கு உரியது, நேரில் சொன்னால் பல சமயம் குத்தலாகவே ஒலிக்கிறது. நாள்தோறும் நாம் பணிவைக் காட்டுவது 'கொஞ்சம்' என்ற சொல்லாலும் வினைமுடிவில் ஒட்டும் 'ங்க'வாலும்தான்: "அண்ணே, சத்தத்தைக் கொஞ்சம் கொறச்சுக்கிறீங்களா? காலையில சீக்கிரம் எறங்கணும்." இதில் கோரிக்கை கேள்வியாக இருக்கிறது, காரணம் நம்முடையதாக இருக்கிறது, அவருடைய குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்னும் மென்மையாக வேண்டுமென்றால் "ஹெட்செட் இருக்குங்களா?" என்று மட்டும் கேட்கலாம், புரிந்துகொள்கிறவர் அதிலேயே புரிந்துகொள்வார். "நீங்க பாக்குறத நிறுத்துங்க" என்று சொல்லவே கூடாது. அவர் பார்ப்பது நமக்குப் பிரச்சினையில்லை, நமக்குக் கேட்பதுதான் பிரச்சினை.

"படிச்சவர் மாதிரி இருக்கீங்க, இது தெரியாதா?" என்ற வாக்கியத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நாகரிகமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டே பலர் இதைச் சொல்கிறார்கள். படிப்பையும் மரியாதையையும் முடிச்சுப்போடும் இந்தப் பேச்சு, படித்தவரை அவமதிப்பதோடு, படிக்காதவருக்கு மரியாதை தெரியாது என்று அருகில் இருக்கும் எல்லாரிடமும் அறிவிக்கிறது. ஒருமுறை எதிர் லோயர் பெர்த்தில், எழுபது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவர் கூத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், மத்தளச் சத்தம் பெட்டியை அதிரவைத்தது. பக்கவாட்டு பெர்த்தில் இருந்தவர் மேற்சொன்ன வாக்கியத்தை வீசிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பெரியவர் திகைத்துப்போய்க் கைபேசியைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அருகில் போய் உட்கார்ந்தபோது, "பேரன் வாங்கிக் குடுத்தான் தம்பி, இதைக் கொறைக்கிற எடம் எதுன்னு சொல்லித் தரலியே" என்றார். பக்கவாட்டுப் பொத்தானைக் காட்டினேன், பத்து நொடியில் விஷயம் முடிந்தது. அதன் பிறகு அவர் ஏற்றம் இறக்கத்தை நாலைந்து முறை சோதித்துப் பார்த்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பது வேறு.

குழந்தையின் கையில் கைபேசி இருந்தால் பேச வேண்டியது பெற்றோரிடம், அதுவும் குழந்தை வளர்ப்புப் பற்றி அறிவுரை எதுவும் இல்லாமல். அழுகையை நிறுத்துவதற்காகக் கொடுக்கப்பட்ட கைபேசியைப் பிடுங்கச் செய்தால் அடுத்து வருவது அதைவிடப் பெரிய சத்தம், எனவே ஒலியைப் பாதியாகக் குறைத்தாலே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கூட்டமாக வந்து அரட்டையடிப்பவர்களிடம் எல்லாரையும் பார்த்துப் பேசாமல், அவர்களுள் மூத்தவராகத் தெரிபவரிடம் மட்டும் சொல்லுங்கள், மற்றவர்களை அவர் அடக்கிக்கொள்வார்.

இரண்டு முறை கேட்டும் பயனில்லையென்றால் மூன்றாவது முறை கேட்காதீர்கள். பையில் இருக்கும் விதி அப்போதுதான் வெளியே வர வேண்டும், அதுவும் நம் வாய்வழியாக அல்ல. டி.டி.ஆர். வரும்போது தனியாகச் சொல்லலாம், அல்லது 139 என்ற எண்ணை அழைத்தோ, ரயில்மதத் செயலியிலோ பி.என்.ஆர்., பெட்டி எண், படுக்கை எண் ஆகியவற்றைக் கொடுத்துப் புகார் செய்யலாம். பெட்டியில் பிறருக்குத் தொல்லை தருவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 145-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதால், இது வீண் புகார் ஆகாது. ஆனால் அந்த மனிதரைப் படமெடுத்து இணையத்தில் போடாதீர்கள். சத்தம் போட்டவர் ஒரு பெட்டிக்குத்தான் தொல்லை கொடுத்தார், படம் அவர் வேலை பார்க்கும் இடம்வரை, பிள்ளைகளின் பள்ளிவரை போகும்.

கேட்கப்படுகிறவராக நாமே ஆகும் நாளும் வரும். "நானும் காசு குடுத்துத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன்" என்பது அப்போது நாக்கின் நுனிவரை வந்து நிற்கும், விழுங்கிவிட்டுச் "சரிங்க" என்று சொன்னால் போதும். இயர்போனைப் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டி, அதை சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு மேலே ஏறிப் படுத்தவர்கள்தான் பெரும்பாலும் ஒலிபெருக்கியில் பார்க்கிறார்கள், ஆகவே அதைச் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் திண்டுக்கல்லில் இறங்க வேண்டுமென்றால் எழுப்பும் மணியை அதிர்வில் வைத்துக் கைபேசியைத் தலையணைக்கு அடியில் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் மணியின் சத்தத்துக்கு எட்டு பெர்த்திலும் விழித்துக்கொள்ளாத ஒரே ஆள் வழக்கமாக அதை வைத்தவர்தான், அவரைத் தட்டி எழுப்பி இறக்கிவிடும் பொறுப்பும் மற்ற ஏழு பேர் தலையில் வந்து விழும்.