லாசிகன் சோதனை: கரிமச் சேர்மத்தில் நைட்ரஜன், கந்தகம், ஹேலஜன் கண்டறியும் முறை

கரிமச் சேர்மங்களில் நைட்ரஜனும் கந்தகமும் ஹேலஜன்களும் (குளோரின், புரோமின், அயோடின் போன்றவை) சகப்பிணைப்பால் கட்டுண்டு கிடப்பதால், அவை நேரடியாக அயனிகளுக்குரிய வினைகளைத் தருவதில்லை. உலோக சோடியத்துடன் சேர்த்து உருக்கினால் அவை முறையே சோடியம் சயனைடு, சோடியம் சல்பைடு, சோடியம் ஹேலைடு என நீரில் கரையும் உப்புகளாக மாறுகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லாசிகன் 1843-ஆம் ஆண்டில் வகுத்த இம்முறையில் பிழை நேர்வது பெரும்பாலும் இறுதிச் சோதனைகளில் அன்று, உருக்கியதை நீரில் கரைத்துச் சாறு எடுக்கும் கட்டத்திலேயே.

வேலூர்ப் பகுதி மாணவர்கள் முதலில் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிலின் உப்பு, பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் பல இடங்களில் கலந்துள்ளது. குழாய்த் தண்ணீரில் கழுவிய கிண்ணத்தை அப்படியே பயன்படுத்திவிட்டு, யூரியாவில் குளோரின் இருப்பதாகக் குறிப்பேட்டில் எழுதிய மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆகவே பயன்படுத்தப்போகும் நீரில் சிறிதளவை எடுத்து, நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் சேர்த்துப் பாருங்கள்; கலங்கினால் அந்நீரை விலக்கி, வாலை வடிநீரையே கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் விரல் வியர்வையும் இதே கேட்டைச் செய்யும். அதிலுள்ள உப்பு குளோரைடைக் கொடுக்கும். ஈரமோ சோடியத்தோடு வினைபுரியும். எனவே சோடியத்தை இடுக்கியால் மட்டுமே எடுக்க வேண்டும்.

மண்ணெண்ணெயிலிருந்து எடுத்த, சிறு பட்டாணி அளவுள்ள சோடியத்தை வடிதாளில் ஒற்றி, உலர்ந்த எரிகுழாயில் இட்டு மெல்லச் சூடேற்றுங்கள். அது பாதரசம்போல் மின்னும் துளியாக உருகியதும், சிட்டிகை அளவு சேர்மத்தைச் சேர்த்து, முதலில் இளஞ்சூட்டிலும் பின்னர் குழாயின் அடி செந்தணலாகும் வரையிலும் காய்ச்சி, பீங்கான் கிண்ணத்திலுள்ள 10 முதல் 15 மி.லி. வடிநீரில் அமிழ்த்துங்கள். எஞ்சிய சோடியம் வெடித்துத் தெறிக்கலாம் என்பதால் கம்பி வலையால் உடனே மூடுவதும், கண்ணாடி அணிவதும், ஆசிரியர் உடனிருப்பதும் கட்டாயம். குளோரோஃபார்ம், கார்பன் டெட்ராகுளோரைடு போன்றவற்றைச் சோடியத்துடன் ஒருபோதும் சூடேற்றக் கூடாது. குழாயை நொறுக்கி, கொதிக்கவைத்து வடிகட்டிய சாறு நிறமற்றதாகவும் காரத்தன்மையுடனும் இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் சேர்மம் முழுமையாகச் சிதையவில்லை. புதிதாகத் தொடங்குவதே நல்லது.

நைட்ரஜனுக்கு, சாற்றின் ஒரு பகுதியுடன் அப்போதே கரைத்த பெர்ரஸ் சல்பேட்டைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறிய பின் நீர்த்த சல்பூரிக் அமிலத்தை விடுங்கள். கொதிக்கும்போது இரும்பின் ஒரு பகுதி காற்றால் பெர்ரிக் நிலைக்கு மாறுவதால்தான், நைட்ரஜன் இருப்பதைக் காட்டும் பிரஷ்யன் நீலம் என்ற நீலப் பொருள் உருவாகிறது. அதை மறைக்கும் ஹைட்ராக்சைடு கசடை அமிலம் கரைத்துவிடும். நீலத்திற்குப் பதிலாக, பெர்ரிக் அயனியால் இரத்தச் சிவப்பு தோன்றினால், நைட்ரஜனும் கந்தகமும் ஒருசேர உள்ளன, சோடியம் போதவில்லை என்று பொருள். டயசோனியம் உப்புகள் சூடேறும்போதே நைட்ரஜனை வாயுவாக இழந்துவிடுவதால், அவற்றுக்கு இச்சோதனை பொருந்தாது.

கந்தகம் எளிது: சோடியம் நைட்ரோபுருசைடு ஊதா நிறம் தரும், அசிட்டிக் அமிலத்துடன் லெட் அசிட்டேட் கறுப்பு வீழ்படிவு தரும்.

ஹேலஜன் சோதனையில் சாற்றை அடர் நைட்ரிக் அமிலத்துடன் கொதிக்கவைக்கும் படியைத் தவிர்த்தால், சயனைடு வெண்மையாகவும் சல்பைடு கறுப்பாகவும் வீழ்படிந்து ஏமாற்றும். கொதிக்கையில் நச்சு மிகுந்த ஹைட்ரஜன் சயனைடு வெளியேறக்கூடும் என்பதால், இதைப் புகைபோக்கி அறையில் செய்ய வேண்டும். ஆறியபின் சில்வர் நைட்ரேட் சேர்க்கையில், தயிர்போன்ற வெண்மை அம்மோனியாவில் கரைந்தால் குளோரின். வெளிர் மஞ்சள் அரிதாகக் கரைந்தால் புரோமின். மஞ்சள் கரையாமல் நின்றால் அயோடின். மஞ்சள்களுக்கிடையே ஐயம் எழுந்தால், அமிலமாக்கிய சாற்றில் குளோரின் நீரும் கார்பன் டெட்ராகுளோரைடும் சேர்த்துக் குலுக்குங்கள். கீழடுக்கு புரோமினுக்கு ஆரஞ்சுப் பழுப்பாகவும் அயோடினுக்கு ஊதாவாகவும் மாறும்.

மீந்த சோடியத் துணுக்குகளைத் தொட்டியில் கொட்டாமல், சிறிது சிறிதாக எத்தில் ஆல்கஹாலில் இட்டு அழித்துவிடுங்கள்.